கன்னியம்மா சொல்லாத ‘ஆமாம்’

1

போன வருஷம், பனி உருகி ரோடெல்லாம் சகதியாகக் கிடந்த ஒரு வாரத்தில், நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி வார்டுக்குப் புதிதாக ஒரு களிம்பு வந்தது. சிமெண்ட் வேலை செய்து இரண்டு கையும் புண்ணாகிப்போன ஒரு துருக்கிக்காரருக்குத் தடவும்படி டாக்டர் எழுதியிருந்தார். குழாயின் மூடியைத் திருகினேன். திருகியவள் அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்திலிருந்த சிஸ்டர், “என்ன, கெட்டுப்போய்விட்டதா?” என்று எட்டிப் பார்த்தாள்.

கெட்டுப்போகவில்லை. அது ஆம்பூர் வாசனை.

ஆம்பூர் என்றதும் நீங்கள் பிரியாணியை நினைத்தால் அது உங்கள் குற்றமில்லை. இது பிரியாணியும் இல்லை, தோல் பதனிடும் டேனரிகளின் நாற்றமும் இல்லை. என் தம்பி அருளின் வலது கையில் ஒரு காலத்தில் கட்டியிருந்த துணியின் வாசனை. நல்ல கசப்பு, அதற்கு அடியில் மழை விட்ட பிறகு வரும் மண் வாசனை. மேற்கு ஜெர்மனியில், வாசனையே இருக்கக்கூடாது என்று தினம் இரண்டு முறை கழுவித் துடைக்கும் ஒரு வார்டில், அது என் மூக்கில் ஏறியது. நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதால் அவர் பயந்துவிடுவார் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

டீ நேரத்தில் களிம்போடு வந்த தாளைப் படித்தேன். தென்னிந்தியாவில் வளரும் ஒரு செடியின் இலைச்சாறு. லத்தீனில் அதன் பெயர். கீழே கம்பெனியின் பெயர். அதற்கும் கீழே பொடி எழுத்தில், காப்புரிமை பெற்றது.

2

நான் நர்ஸ் வேலைக்கு இங்கே வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கத்து டேனரிகளில் குரோம் என்கிற ரசாயன உப்பு பெருகியது. அதற்கு முன்பெல்லாம் தோலைப் பெரும்பாலும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் பதப்படுத்துவார்கள். பட்டைத் தண்ணீர் கையைக் கறுப்பாக்கும், அவ்வளவுதான். குரோம் அப்படியில்லை. விரல் முட்டியிலும் நகக்கண்ணிலும் சின்னதாகக் குழி விழும். வலி அவ்வளவாக இருக்காது. அதனால் யாரும் கவனிக்கமாட்டார்கள். கவனிக்கும்போது குழி ஆழமாகியிருக்கும்.

அருள் தோலைக் குரோம் தண்ணீரில் போட்டு உருட்டும் டிரம் ஓட்டும் வேலையில் இருந்தான். ஒருமுறை நான் லீவில் போனபோது, சோறு பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். “இன்னாடா, துரை மாதிரி ஸ்பூன் எல்லாம்?” என்று கேலி செய்தேன். கையை மறைத்தான். பிடுங்கிப் பார்த்தேன். மூன்று குழி.

நான் கழுவி, மருந்து போட்டு, கட்டினேன். புண் சுத்தமாக இருந்தது, ஆனால் மூடவில்லை. அப்போதுதான் அவன் மெதுவாகச் சொன்னான்.

“எங்க டிரம்காரங்க எல்லாம் கன்னியம்மாக்காகிட்டதான் போறாங்க. நீ கோச்சுக்குவேன்னு சொல்லலக்கா.”

பேரணாம்பட்டு ரோட்டில், மலை தொடங்கும் இடத்தில் நாலைந்து இருளர் குடிசைகள். கன்னியம்மா என் வயதுக்காரி. அவளுடைய ஆட்கள் மலையில் ஆவாரம்பட்டை வெட்டி டேனரிகளுக்குப் போட்டுத்தான் பிழைத்தார்கள். குரோம் வந்ததும் பட்டை கேட்பார் குறைந்துபோனார்கள். தன் பிழைப்பில் மண்ணைப் போட்ட சரக்கு உண்டாக்கிய புண்ணுக்கு அவளே மருந்து கட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

மருந்து கட்டுவதற்கு அவர்களிடம் ஒரு முறை உண்டு. இலையைப் பறிப்பதையும் அரைப்பதையும் வெளியாள் பார்க்கக் கூடாது. குடிசைக்குப் பின்னால் போய் அரைத்து, விழுதாகத்தான் கொண்டுவருவாள். இலையின் பெயரைச் சொல்லமாட்டாள். கட்டினவளே அவிழ்க்க வேண்டும். மருந்து கட்டிக்கொண்ட யாருக்கும் அந்தப் பெயரை எந்நாளும் சொல்லக் கூடாது.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “அது இன்னா எல?” என்று கேட்டேன்.

“பச்சையா இருக்கும்” என்றாள் கன்னியம்மா. சுற்றி இருந்த டிரம்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் லீவு முடிந்து கிளம்பும் முன்னால் அருள் கையால் சாப்பிட்டான். அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் மலையடிக்குப் போய் அவளோடு ஒரு பகல் பேசிவிட்டு வருவது வழக்கமாயிற்று. பனிக்கட்டி எப்படி இருக்கும் என்று கேட்பாள். எத்தனை முறை சொன்னாலும் நம்பமாட்டாள். “சும்மா அளக்காத” என்பாள். அவளை நினைத்தால்தான் எனக்கு ஊர் ஞாபகம் முழுசாக வரும்.

3

என் மகள் நிர்மலாவுக்குப் பதினாறு வயது. அவள் ஜெர்மனில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன், இருவரும் பாதி புரிந்துகொண்டு காலம் தள்ளுகிறோம். சாப்பாட்டு மேஜையில் அந்தத் தாளைக் காட்டினேன். பெண்ணுக்கு எதிலும் ஆர்வம் வராது என்றுதான் நினைத்தேன். அவளோ பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து நூலகத்தில் சொல்லிவைத்து, காப்புரிமைப் பத்திரத்தின் நகலையே வரவழைத்துவிட்டாள். எனக்குக் கடைக்காரனோடும் நோயாளியோடும் பேசும் ஜெர்மன் தெரியும். இந்த ஜெர்மன் வேறு. அவள் படித்துச் சொன்னாள்.

தோல் தொழிலாளர்களின் கைப்புண்ணுக்கு இந்த இலைச்சாறு குணம் தருவது ‘வியப்பூட்டும் வகையில் கண்டறியப்பட்டது’ என்று எழுதியிருந்தது. கண்டறிந்தவர் என்று ஒரு பெயர். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். அருள் வேலை செய்த டேனரிக்கு டிரம் பூட்ட இங்கிருந்து போன டெக்னீஷியன். அவருக்கும் கையில் குழி விழுந்தது. அருள்தான் கன்னியம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனான். அதை அப்போதே எனக்குப் பெருமையாக எழுதியிருந்தான்: கன்னியம்மாக்கா அவிழ்ப்பதற்குள் அந்த ஆள் கட்டோடு ஏரோப்ளேன் ஏறிவிட்டான், அக்காவுக்கு ஒரே பேஜார் என்று. கட்டை எங்கே அவிழ்த்தார் என்பது இப்போது புரிந்தது.

“இது திருட்டு” என்றாள் நிர்மலா. பிறகு, “உங்க ஊர் ஆளுங்க கேஸ் போடலாமே?” என்றாள். உங்க ஊர். அது ஒரு முள் மாதிரி தைத்தது, ஆனால் அன்றைக்கு அதற்காகச் சண்டை போட மனசு வரவில்லை.

எங்கள் வார்டில் இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்த வெபர் என்ற பெரியவர், முப்பது வருஷம் காப்புரிமை வக்கீலாக இருந்தவர். படுக்கையில் சலித்துப்போய்க் கிடந்த மனிதருக்கு நான் பத்திரத்தைக் கொடுத்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“காப்புரிமை கொடுத்து ஒன்பது மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். இன்னும் நாலு மாதம் பாக்கி இருக்கிறது” என்றார். “விண்ணப்பம் போடுவதற்கு முன்பே உலகத்தில் எங்கேயாவது இதே இலையை இதே புண்ணுக்கு எல்லோருக்கும் தெரியக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று காட்டினால் போதும். இது விழுந்துவிடும்.”

“ஆம்பூரில் பாதிப் பேர் கட்டிக்கொண்டவர்கள்தான். எல்லோரும் சாட்சி சொல்வார்கள்.”

“எந்த இலை என்று சொல்வார்களா?”

அவர்கள் பார்த்தது விழுது. எந்த இலை என்று அருளுக்கே தெரியாது.

“யாருக்கும் தெரியாமல் பயன்படுத்தினால் அது சட்டத்தின் கண்ணில் இல்லாத மாதிரிதான், சிஸ்டர். கட்டிவிட்ட அம்மா ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தச் செடிதான் அது, ஆமாம், என்று. ஒரு நோட்டரி முன்னால்.”

“சொன்னால் உரிமை அவளுக்கு வருமா?”

வெபர் கண்ணாடியைக் கழற்றினார். “வராது. கம்பெனிக்கு இல்லை என்று ஆகும். அவளுக்கு என்று ஆகாது. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று ஆகும். இந்தச் சட்டத்துக்கு ஒரு ஆளைத் தெரியும், ஒரு கம்பெனியைத் தெரியும். ஒரு கூட்டமே சேர்ந்து காலங்காலமாக வைத்திருக்கும் விஷயத்தை எங்கே எழுதுவது என்று அதற்குத் தெரியாது.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் தலையணை உறையை மாற்றினேன்.

ஆனால் சும்மா விடவும் முடியவில்லை. அருளுக்கு எழுதிக் கேட்டதில், மதராஸிலிருந்து ஒரு காண்ட்ராக்டர் வேன் வைத்துக்கொண்டு வந்து மலையில் ஒரு செடியை வெளிநாட்டுக்கு அனுப்ப வேரோடு மூட்டை கட்டுகிறான், பாரஸ்ட் பர்மிட் அவன் பெயரில் இருக்கிறது, கன்னியம்மாக்கா ஆட்கள் அந்தப் பக்கம் போனால் விரட்டுகிறார்கள் என்று பதில் வந்தது. உரிமை விழுந்தால் கம்பெனிக்கு இதில் ருசி போய்விடும், வேனும் நின்றுவிடும் என்றார் வெபர். நான் லீவு எழுதிக் கொடுத்தேன்.

4

ஊருக்குப் போக விசா வேண்டும். முந்தின வருஷம்தான் நானும் என் வீட்டுக்காரரும் ஜெர்மன் குடிமக்கள் ஆனோம். மகளின் படிப்புக்கு வசதி, வேலைக்கு வசதி என்று காரணங்கள் சொல்லிக்கொண்டோம். இந்தியத் தூதரகத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நின்றேன். கவுண்டருக்கு உள்ளே இருந்தவர் நம் ஆள், முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில், ‘என் ஊரைப் பார்க்க’ என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, சுற்றுலா என்று எழுதச் சொன்னார்.

“நான் ஆம்பூர்க்காரி சார்” என்றேன் தமிழில்.

“பிறந்த ஊருன்னு வேற கட்டம் இருக்கும்மா. அதுல எழுதுங்க” என்றார், அவரும் தமிழில். மரியாதையாகத்தான் சொன்னார். நான் ஆம்பூருக்குச் சுற்றுலாப் பயணியாகப் போனேன்.

5

பஸ்ஸை விட்டு இறங்கினதுமே பாலாற்றைப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. பாலத்துக்குக் கீழே டேனரிக் கழிவு மட்டும் நீலமாகத் தேங்கியிருந்தது. அந்த நாற்றத்துக்கு வெளியூர்க்காரர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். நான் நெஞ்சு நிறைய இழுத்தேன். எதற்காக என்று கேட்காதீர்கள். பதினேழு வருஷமாகச் சுத்தமான காற்றைச் சுவாசித்தவளுக்கு அதுதான் தேவைப்பட்டது.

மறுநாள் காலை அருளோடு மலையடிக்குப் போனேன். கன்னியம்மா விறகு பிளந்துகொண்டிருந்தாள். தலை முன்பக்கம் நரைத்திருந்தது.

“இன்னா நர்சம்மா, அங்க சோறு போட மாட்டேன்றாங்களா? இப்பிடி எளச்சிட்டே!”

நான் இளைக்கவில்லை. ஆனால் அப்படிக் கேட்க இந்த உலகத்தில் எனக்கு இன்னும் ஓர் ஆள் இருக்கிறாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். களிம்பு, காப்புரிமை, வெபர், கெடு. அவளுடைய அண்ணனும் அண்ணியும் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். நூலகப் புத்தகத்திலிருந்து நகல் எடுத்த செடியின் படத்தை அவள் முன்னால் வைத்தேன்.

“இதுவான்னு மட்டும் சொல்லு கன்னியம்மா. ஆமான்னா ஆமா. பேரு கூட வேணாம். ஆம்பூர் நோட்டரிகிட்ட வந்து அதையே சொன்னா போதும்.”

அவள் படத்தைப் பார்த்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. அண்ணன்தான் பேசினான்.

“மலையத் தொடச்சிட்டாங்கம்மா. போற போக்குல நாளைக்கி கட்டறதுக்கு ஒரு எல இருக்காது. நீ வழக்குப் போடு. நாங்க வேணான்னு சொல்லல.”

“அப்ப சொல்லலாமில்ல?”

“நோட்டரி யாரு?” என்றாள் கன்னியம்மா. “இங்க குந்தி மருந்து கட்டறவனா? எங்கள்ல ஒரு மொற இருக்குது நர்சம்மா. இதுதான்னு காட்டணும்னா, இங்கயே இருந்து, மருந்து கட்டற ஆளுக்குத்தான் காட்டுவோம். நெனச்சவங்களுக்கெல்லாம் காட்டினா அது வேல செய்யாது.”

“அந்த வெள்ளக்காரன் பேரோட எழுதிட்டானே, கன்னியம்மாக்கா?” என்றான் அருள்.

“அவன் எழுதினா அது அவன் பாடு. நான் சொன்னா அது எங்க பாடு.”

“அப்ப எனக்குக் காட்டேன். நான் இங்கதானே கீறேன்.”

“நீ கட்டிக்கினவன். உனக்குக் காட்டக் கூடாது.”

தூரத்தில் வேன் மலையேறும் சத்தம் கேட்டது. கன்னியம்மா என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி மருந்துத் தண்ணீரில் வெடித்த கை.

“நீ கட்டிக்கல. உனக்குக் கட்டவும் வரும், அதுதானே உன் வேல. உனக்குக் காட்டலாம்.” அண்ணனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். “காட்டிட்டா அது உன்னுது. அப்புறம் நீ நோட்டரிகிட்ட சொல்லு, கோர்ட்டுல சொல்லு, நாங்க கேக்க மாட்டோம். ஆனா நீ இங்க வந்து இருக்கணும். வர்றியா?”

“எப்ப?”

“எப்பன்னு நான் கேக்கல. வந்துடுவியா, அத்த சொல்லு.”

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் மனப்பாடம். அடுத்த வருஷம். மகள் படிப்பு முடிந்ததும். வீட்டுக் கடன் முடிந்ததும். வாய் திறந்தால் தானாக வந்து விழும். அன்றைக்கும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை நான் சொன்னால், ஆமாம் என்று ஒரு வார்த்தை அவள் சொல்வாள். வேன் நிற்கும். ஒரு மலை மிஞ்சும்.

அவள் என் கையை விடவில்லை. எனக்கு வர ஆசை. இந்தக் குடிசைக்குப் பக்கத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டு, வரிசையாக வரும் டிரம்காரர்களின் கையைப் பார்த்து, இவளோடு பேசிச் சிரித்து வயதாக வேண்டும் என்று அந்த நிமிஷம் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று சொல்ல எனக்குத் தமிழ் போதாது. அந்த ஆசையோடேதான் நிர்மலாவை நினைத்தேன். அவள் இங்கே வரமாட்டாள். அவள் இல்லாத இடத்தில் நான் இருக்கமாட்டேன். அது எனக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை, எனக்கு நானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

“வர மாட்டேன் கன்னியம்மா” என்றேன்.

அருள் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தான்.

கன்னியம்மா கோபப்படவில்லை. படத்தை மடித்து என் மடியில் வைத்தாள். “சரி” என்றாள். “கேவுரு களி கிண்டியிருக்குது. துன்னுட்டுப் போ.”

தின்றேன். நாங்கள் கிளம்பும்போது அவள் வழக்கம்போல ரோடு வரைக்கும் வந்தாள். பனிக்கட்டியைப் பற்றி மட்டும் அன்றைக்குக் கேட்கவில்லை.

6

திரும்பி வந்து வெபரிடம் சொன்னேன். அதற்குள் வீட்டுக்குப் போய்க் கோல் ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தார். கேட்டுவிட்டு, “இது எந்தக் கட்டத்திலும் அடங்காது” என்று மட்டும் சொன்னார்.

நிர்மலாவுக்குத்தான் தாங்கவில்லை. கதவை அடித்துச் சாத்தினாள், பிறகு திறந்துகொண்டு வந்தாள். என்ன அதிசயமோ, தமிழில் கேட்டாள்.

“ஒரு பொய் சொல்லியிருக்கலாமே அம்மா? அருள் மாமாவுக்கு ஒவ்வொரு லெட்டர்லயும் எழுதறியே, அடுத்த வருஷம் வந்துடுவோம்னு. அதையே அங்கயும் சொல்லியிருந்தா என்ன?”

அவள் கேட்டது சரி. மாமாவுக்கு எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தோன்றினதே இல்லை, கன்னியம்மா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோதுதான் தோன்றியது என்று சொன்னேன். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

கெடு முடிந்தது. காப்புரிமை நிலைத்துவிட்டது. நிர்மலா சட்டம் படிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதை நான் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

போன வாரம் அருளிடமிருந்து கடிதம் வந்தது. வேன் இப்போது மலையின் அடுத்த பக்கம் போகிறதாம். கன்னியம்மாக்கா நலமாம், உன்னைக் கேட்டாங்க என்று எழுதியிருந்தான். கடைசியில், எழுதலாமா வேண்டாமா என்று பலமுறை யோசித்து எழுதினவன் போல, ஒரு பத்தி. அவன் வீட்டுக்குப் பக்கத்தில் சின்ன மனை ஒன்று எனக்காக இத்தனை வருஷம் காலியாக விட்டு வைத்திருக்கிறான். வருஷா வருஷம் முள்ளை வெட்டி, வேலியைச் சரிபார்த்து வைத்திருந்தானாம். எனக்கு இதுவரை சொன்னதில்லை. ‘நீ வர மாட்டேன்னு அன்னிக்கு சொன்னது நெஜம்தானேக்கா? அப்ப அங்க என் பெரிய பையனுக்கு ஒரு ரூம் போட்டுக்கட்டுமா? நீ வேணாம்னா வேணாம்’ என்று கேட்டிருந்தான்.

மூன்று நாள் அந்தக் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். நேற்று உட்கார்ந்து பதில் எழுதினேன். கிழக்குப் பக்கம் ஜன்னல் வைக்கச் சொல்லி, ரூம் போட்டுக்கொள் என்று எழுதினேன். அடுத்த வருஷம் என்ற வார்த்தை இல்லாமல் நான் அவனுக்கு எழுதின முதல் கடிதம் அதுதான்.